றோட்டுக்கு வந்த குசினி

இராசேந்திரம் புதுக் குசினியை எப்படிக் கட்ட நினைத்திருந்தார் என்பது உதைபந்தாட்டக் கழகத்தில் பதினொரு பேருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மனைவி அகஸ்ரினாவுக்கு மட்டும்தான் தெரியாது.

அவர் இறந்து ஒரு வருசமாகி, அவருக்கு ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுத்த அன்று, சாப்பாடு முடிந்து கழகத்துக்காரர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதை அறிந்தாள். அவர் போன பிறகு வந்த கார்த்திகை மழையில் குசினியின் பின்சுவர் சரிந்து, கூரை ஒரு பக்கம் தொங்கிப்போய்விட்டது. அதன்பிறகு கிணற்றடியில் ஒரு தறப்பாளைக் கட்டி அதன்கீழ்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். அன்னதானத்துக்கான கறியும் அங்கேதான் கொதித்தது. கழகத்தின் பயிற்றுநர் சுபாஸ் அந்தத் தறப்பாளைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"அக்கா, குசினியை நாங்கள் கட்டித் தாறம். சிரமதானமாச் செய்யிறம். நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம். அண்ணை எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"என்னத்தைச் சொன்னவர்?"

"குசினியைத்தான். அதே இடத்தில, பின்னுக்கு, கொஞ்சம் நீட்டி. முன்னுக்குப் பெரிய விறாந்தை ஒண்டு, நாங்கள் இருந்து கதைக்க. மைதானத்தில தடியால மண்ணில கீறிக் காட்டினவர்."

"யன்னல் கிணத்துப் பக்கம்" என்றான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போன ஒருவன்.

"தண்ணித்தொட்டி இடப்பக்கம்" என்றான் இன்னொருவன்.

"தட்டுகள் பதிவா வரவேணும். அக்காவுக்கு எட்டாது" என்றான் கோல்காப்பாளன் கபிலன். மன்னார் ரவுணில் போன் கடை வைத்திருப்பவன். ஆள் பனைமரம் மாதிரி உயரம் என்பதால் அவன் அதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

அகஸ்ரினாவும் சிரித்தாள். இராசேந்திரம் பஸ் சாரதி. சனி ஞாயிறுகளில் தீவு முழுக்க உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்தவர். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். மைதானத்தில் அவ்வளவு விசில் ஊதியவர் வீட்டுக்குள் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அந்த மனிதர் மைதானத்து மண்ணில் குந்தியிருந்து தன் மனைவிக்கு எட்டாத தட்டைப் பற்றிக் கதைத்திருக்கிறார். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அதே நேரம், அந்த இனிப்புக்குக் கொஞ்சம் கீழே, சின்னதாக ஒரு கோபமும் இருந்தது.

இந்த இரண்டையும் அவள் அன்று பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் பிரித்துப் பார்த்தாள். கோபத்தின் அடியில் கிடந்தது ஓர் ஆசை. பழைய ஆசைதான், மழையில் சுவர் விழுந்த அன்றே திரும்பி வந்துவிட்டது. விழுந்த சத்தத்தில் நெஞ்சு பதறிக்கொண்டிருக்கும்போதே, கொஞ்சமும் வெட்கமில்லாமல் அவளுக்குள் ஒரு குரல் சொன்னது: இனி இதை முன்னுக்குக் கட்டலாம்.

முன்னுக்கு என்றால் முன்னுக்கேதான். படலைக்குப் பக்கத்தில், றோட்டைப் பார்த்தபடி.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருக்கிற அந்த ஊரில் அப்படி ஒரு குசினி கிடையாது. எல்லா வீட்டுக்கும் குசினி பின்னால்தான். அகஸ்ரினாவின் வீட்டிலும் முன்னறை, நடுவறை, ஒரு ஒடுங்கிய நடை, அதையும் தாண்டி குசினி. விளையாட்டு முடிந்ததும் ஆட்கள் இராசேந்திரத்தோடு வந்து முன்னால் இருப்பார்கள். அவள் பின்னால் தேத்தண்ணி ஊற்றுவாள். முன்னால் யாரோ ஒன்றைச் சொல்ல, குபீரென்று சிரிப்புக் கிளம்பும். நடுவறையையும் நடையையும் தாண்டி அது அவளிடம் வரும்போது வெறும் சத்தமாகத்தான் வரும். அவள் தட்டத்தோடு போய்ச் சேர்கிறபோது எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

"என்ன சிரிச்சனீங்கள்?" என்று கேட்பாள்.

"அது ஒண்டுமில்லை" என்பார் இராசேந்திரம்.

அவர் எதையும் மறைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். சிரித்து முடிந்த ஒன்றைத் திருப்பிச் சொல்ல அவருக்கு வராது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சிரிப்புகளில் ஒன்று மட்டும் அவளை வருசக்கணக்காக நுள்ளிக்கொண்டிருந்தது. அவருடைய கூட்டாளி, எருக்கலம்பிட்டி ஷிராஸ் வருகிற நாட்களில்தான் அது எழும்பும். பெரிய சிரிப்பு. அதன் முடிவில் ஒரே ஒரு சொல் மட்டும் குசினிவரை வந்து விழும்: "கரண்டி." ஏன் கரண்டி? அந்த வீட்டில் கரண்டியோடு நிற்கிறவள் ஒருத்திதானே. தன்னைத்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கேட்கக் கூச்சம். கேட்டு, ஓம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

கலியாணமான புதிதில் ஒருமுறை அவரிடம் கேட்டுப் பார்த்தாள், குசினியை முன்னால் எடுத்தால் என்ன என்று.

"சட்டிபானையை றோட்டுக்குக் காட்டவோ?" என்று அவர் சிரித்தார். "சோளகக் காத்துத் தொடங்கினா புகையெல்லாம் வீட்டுக்குள்ள வந்திடும்."

அன்று பின்னேரம் முன்னறையில் இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது எதற்கென்று மட்டும் அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

"சொல்லுங்கோவன் அக்கா" என்றாள் பக்கத்து வளவு ஜெயகௌரி, வேலிக்கு மேலால். "உங்கட குசினி, உங்கட வாய்."

"என்னெண்டு சொல்லுறது, கௌரி? அவங்கள் ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி செய்ய வந்திருக்கிறாங்கள். அண்ணை சொன்னவர், அண்ணை சொன்னவர் எண்டு ஒவ்வொரு கல்லையும் தூக்கிறாங்கள்."

"அண்ணை அங்க மேல இருந்துகொண்டு இனிச் சமைக்கப்போறாரோ?"

ஜெயகௌரி சின்ன வயதில் பெற்றோருடன் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போய், பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். அவளுடைய வாய்க்கு ஊரில் எல்லாரும் பயம். அகஸ்ரினாவுக்கு மட்டும் அது பனங்கட்டி.

"மண்டபம் முகாமில எங்களுக்கு ஒரே ஒரு அறை" என்றாள் ஜெயகௌரி. "அடுப்பு வாசல்லதான். கறி கொதிக்கிறதுக்குள்ள முகாம் கதை முழுக்க வந்து சேர்ந்திடும். வீடு வசதியில்லைதான், ஆனால் அம்மா ஒரு புதினத்தையும் தவறவிட்டதில்லை. இங்க வந்து பின்குசினிக்குள்ள போய் நிண்டவ, ரெண்டு நாளில சொன்னவ, 'என்னடி, காது செவிடாப்போன மாதிரி இருக்கு' எண்டு."

அகஸ்ரினா சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் போய் இருந்துவிட்டது. காது செவிடாப்போன மாதிரி. இவ்வளவு காலமும் தனக்கு இருந்த குறைக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

அன்று இரவு கொழும்பில் இருக்கும் மகள் மதுஷிகா போனில் எடுத்தாள். அகஸ்ரினா மெல்ல ஆரம்பித்தாள், "குசினியை வேற இடத்தில..." என்று.

"அப்பா ஆசைப்பட்ட மாதிரியே செய்யட்டும் அம்மா" என்றாள் மதுஷிகா. "அவற்ற பிளான் அதுதானே. எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ, என்ன?"

"ஓம்" என்றாள் அகஸ்ரினா.

போனை வைத்த பிறகும் அந்த ஓம் வாயிலேயே கிடந்தது. எவ்வளவு லேசாக வருகிறது, பார். பழகிய நாய்க்குட்டி மாதிரி, கூப்பிட முன்னமே ஓடி வருகிறது. அவர் இருந்தபோது சொன்ன ஓம்களை அவள் குறையாக நினைத்ததில்லை. அவரோடு வாழ்ந்த வாழ்க்கையில் அவை கலந்திருந்தன. அவர் போன பிறகும் அதே ஓமைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. இப்போது யாருக்குச் சொல்கிறாள்?

அவர் இல்லாத வீட்டில் தனக்கென்று ஒன்றை ஆசைப்படுவது, அவர் இல்லாததை நல்லதென்று சொல்வது போல இருந்தது. அதுதான் பயம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

*

முதல் வாரத்தில் இடிந்ததைக் கொத்தி அள்ளிச் சுத்தம் செய்தார்கள். அடுத்த வெள்ளி பின்னேரம் சுபாஸ் கோடு போட வந்தான். அவன் கையில் இராசேந்திரத்தின் பழைய பால்மா ரின் இருந்தது. அடியில் ஆணியால் துளைகள் போட்டு, மேலே கம்பிப் பிடி கட்டிய ரின். அதற்குள் சுண்ணாம்புத் தூளைப் போட்டு ஆட்டிக்கொண்டு நடந்தால் வெள்ளைக் கோடு விழும். போட்டி நாட்களில் விடியற்காலையில் இராசேந்திரம் அப்படித்தான் மைதானம் முழுக்க நடப்பார். மற்றக் கழகங்கள் அதற்குச் சில்லு வைத்த பெட்டி வாங்கிய பிறகும் அவர் ரின்னை விடவில்லை.

ஆட்டக்காரர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த முதற்பாடம் ஒன்றுதான். கோடு போட்டபிறகு கேள்வி இல்லை. கோடு வளைந்திருந்தாலும் கோடு கோடுதான். அதை ஆட்டத்துக்கு முதல் பேசலாம், ஆட்டத்துக்குப் பிறகு பேசலாம், ஆட்டத்துக்குள் பேசக்கூடாது.

கிணற்றுப் பக்கமாக, பழைய குசினி நின்ற இடத்தில், சுபாஸ் நீள்சதுரமாகக் கோடு போட்டான். கண்ணைச் சுருக்கி இரண்டு தரம் சரிபார்த்தான்.

"நாளைக்கு விடிய அத்திவாரம் வெட்டுவாங்கள் அக்கா. நான் ஷிராஸ் நானாவோட உழவு இயந்திரத்தில கல்லு ஏத்தப் போறன். வர மத்தியானமாகும். கபிலன் நிண்டு பார்ப்பான்."

"ஓம், தம்பி" என்றாள் அகஸ்ரினா. மறுபடியும் அந்த நாய்க்குட்டி.

விடியப்புறம் கோயில் மணி அடிக்க முன்னமே அவள் கதவைத் திறந்தபோது கிணற்றடியில் கழுதைகள் நின்றன. மன்னாரில் யாருடையவை என்று தெரியாமல் றோட்டெல்லாம் திரிகிற கழுதைகள்தான். படலை சரியாகச் சாத்துப்படவில்லை போலும். ஒன்று மண்ணில் புரண்டு எழும்பி உடம்பை உதறியது. அதன் முதுகெல்லாம் சுண்ணாம்பு. சுபாஸ் போட்ட கோட்டில் ஒரு சாண்கூட மிஞ்சவில்லை.

அவள் தும்புத்தடியை ஓங்கி அவற்றைக் கலைத்தாள். பிறகு நல்ல மனதோடுதான் அந்த ரின்னை எடுத்தாள். பையன்கள் வர முன்னம் கோட்டைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான். ரின்னில் அரைவாசிக்கு மேல் தூள் இருந்தது. அதைக் கையில் தூக்கியபோது இவ்வளவு பாரமா என்று நினைத்தாள். இத்தனை வருசமும் அவர் இதை ஆட்டிக்கொண்டு நடப்பதைத் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். தொட்டதில்லை.

பழைய குசினியின் மூலையில் போய் நின்றாள். கை ஆடவில்லை. கிணறு, தறப்பாள், மதில். இந்த மதிலைத்தான் கலியாணமான நாளில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் எந்த இடத்தில் பாசி பிடிக்கும், எந்த வெடிப்பில் எறும்பு போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இன்னும் எத்தனை வருசத்துக்கு இந்த மதில்?

யாரோ அவளைக் கூட்டிக்கொண்டு போனது போல வீட்டைச் சுற்றி முன்னுக்கு வந்தாள். உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிற்றை அவிழ்த்தாள். அதை ஒரு முனையில் வேப்பமரத்திலும் மறுமுனையில் படலைத் தூணிலும் கட்டி, அதன் ஓரமாக நடந்தாள். ரின்னை ஆட்டினாள். வெள்ளையாகத் தூள் கொட்டியது. முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு கைக்குத் தாளம் பிடிபட்டதும் கோடாக. திரும்பிப் பார்த்தாள். நேராக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மற்ற மூன்று பக்கத்தையும் அவசரமாகப் போட்டு முடித்தாள், களவெடுக்கிறவள் போல, காதை றோட்டில் வைத்துக்கொண்டு.

*

கபிலனும் இன்னும் ஆறு பேரும் மண்வெட்டி, அலவாங்கோடு வந்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தார்கள். முன்னால் வந்து பார்த்தார்கள். கபிலன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, வெட்டுறது இதைத்தானே?"

"கோடு இருக்குத்தானே?" என்றாள் அகஸ்ரினா.

"ஓம், கோடு இருக்கு."

"அப்ப என்ன?"

கோடு போட்டபிறகு கேள்வி இல்லை. கபிலன் முதல் வெட்டை வெட்டினான். தீவு மண், பொலபொலவென்று வந்தது. வெய்யில் ஏற முன்னமே முழங்காலளவு ஆழத்துக்குப் போய்விட்டார்கள். றோட்டால் போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி, "என்ன, கடை போடப்போறீங்களோ?" என்று கேட்டார். ஒரு பையன் "தெரியாது" என்று உண்மையைச் சொன்னான்.

அகஸ்ரினா பின்னால் தறப்பாளுக்குக் கீழே பாரைமீன் கறி வைத்தாள். ஒரே புளியை இரண்டு தரம் கரைத்தாள். பயம் பாதி, மிச்சம் வேறு ஏதோ. சின்ன வயதில் மடுத் திருவிழாவுக்குப் போய், கூட்டத்தில் தாயின் கையை விட்டு ஐந்து நிமிசம் தனியாகச் சுற்றியபோது இருந்தது போல. தேடுவார்கள், அடி விழும், எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த ஐந்து நிமிசத்தில் பார்த்த வளையல் கடையை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

உழவு இயந்திரம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு ஷிராஸின் குரல், பெரிதாக:

"குசினி எப்பயடா றோட்டுக்கு வந்தது?"

ஷிராஸ் மேசன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியை விட்டுப் போன குடும்பங்களில் ஒன்று அவனுடையது. புத்தளத்தில் வளர்ந்து, தொழில் பழகி, திரும்பி வந்தவன். எருக்கலம்பிட்டி அணிக்கு விளையாடிய காலத்தில் இராசேந்திரம் அவனுக்குச் சிவப்பு மட்டை காட்டி வெளியேற்றியது தீவெல்லாம் பிரசித்தம். அன்று இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே அவன் இந்த வீட்டு முன்னறையில் தேத்தண்ணி குடித்தான்.

"கோடு இருந்தது, வெட்டினம்" என்றான் கபிலன்.

"நான் பின்னுக்கெல்லோ போட்டனான்!" இது சுபாஸ்.

"பின்னுக்கு ஒண்டும் இல்லை. வந்து பாருங்கோ. கழுதைக் காலடிதான் இருக்கு."

"அப்ப கழுதைதான் முன்னுக்குப் போட்டதோ?"

"போட்டிருந்தா உன்னை விட நேராப் போட்டிருக்கு" என்றான் ஷிராஸ்.

குபீரென்று சிரிப்புக் கிளம்பியது. ஆனால் தறப்பாளுக்குக் கீழே நின்ற அகஸ்ரினாவுக்கு ஷிராஸின் முதற்குரல் மட்டும்தான் விளங்கியது. மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றி வருகிறபோது முனை மழுங்கி, வெறும் இரைச்சலாக வந்தது. கடைசியில் சிரிப்பு மட்டும் வந்தது. அவள் அகப்பையோடு அப்படியே நின்றாள். மறுபடியும். தன்னுடைய கோட்டைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள். அதையும் அவள் பின்னால் நின்றுதான் கேட்கிறாள்.

தட்டத்தில் தேத்தண்ணியை அடுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். சிரிப்பு அடங்கியிருந்தது.

"என்ன சிரிச்சனீங்கள்?"

"அது ஒண்டுமில்லை அக்கா" என்றான் சுபாஸ். "சின்னப் பிழை ஒண்டு நடந்துபோச்சு. நீங்கள் யோசிக்காதேங்கோ, இண்டைக்கே சரிப்பண்ணிப்போடலாம்." பிறகு திரும்பி, "மூடுங்கோடா. பின்னுக்கு வெட்டுவம்."

ஒருவன் ஒரு சவள் மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டான். பொத்தென்று விழுந்தது. இரண்டாவதை அள்ளினான்.

"மூடாதேங்கோ" என்றாள் அகஸ்ரினா.

அவளுக்கே சத்தம் காணாமல் இருந்தது. தட்டத்தைக் கல்லுக்கு மேலே வைத்தாள்.

"மூடாதேங்கோ. அது பிழையில்லை. நான்தான் போட்டனான் அந்தக் கோட்டை."

சவளோடு நின்றவன் அப்படியே நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெயகௌரி உடுப்புக் காயப்போடுவதை நிறுத்திவிட்டாள்.

"எனக்கு முன்னுக்குத்தான் வேணும்" என்றாள் அகஸ்ரினா. சொல்லத் தொடங்கியதும் அது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. "நீங்கள் எல்லாரும் முன்னுக்கிருந்து சிரிக்கிறீங்கள். நான் பின்னுக்கு நிண்டு தேத்தண்ணி ஊத்தி, அதைக் கொண்டு வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோகுது. இவ்வளவு காலமும் ஒரு பகிடியைக்கூட நான் முழுசாக் கேட்டதில்லை. எனக்கு இனி அந்த மதிலைப் பார்க்க ஏலாது."

சுபாஸ்தான் பேசினான். அவன் முகம் சிவந்திருந்தது.

"அக்கா, அண்ணை என்னட்டைக் கடைசியாச் சொன்னது இதுதான். ஆஸ்பத்திரியில. 'அக்காவின்ர குசினியைப் பார்த்துக்கொள்' எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்லை."

அவளுக்கு அது தெரியாது. அந்தச் சொல்லை இந்தப் பையன் ஒரு வருசமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். அவன் கட்ட வந்தது குசினியை இல்லை. அவர் மண்ணில் கீறிக் காட்டிய அந்தப் பின்னேரங்களை. அவளுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்காக இன்னொரு ஓமைச் சொல்ல அவள் தயாராக இல்லை.

"தம்பி, அவர் உனக்குச் சொன்னவர். எனக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நான் அப்பவே சண்டை பிடிச்சிருப்பன்."

"நீங்கள் சண்டை பிடிக்கமாட்டீங்கள் அக்கா."

"அதுவும் சரிதான்" என்றாள். "அதாலதான் இப்ப பிடிக்கிறன். அக்காவின்ர குசினி எண்டுதானே சொன்னவர்? பார்த்துக்கொள். இந்த இடத்தில பார்த்துக்கொள்."

"சோளகம்?" என்றான் சுபாஸ், கடைசியாக. "புகை வீட்டுக்குள்ள வரும் எண்டவர்."

அகஸ்ரினாவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இதற்கு விடை அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது. "மேற்கு மூலையில கட்டினா வரும். நான் போட்டது கிழக்கு மூலை. உடுப்புக் காயப்போடேக்க நான் பார்க்கிறதுதானே, காத்து எங்க போகுது எண்டு."

ஷிராஸ் ரின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி சுண்ணாம்பை எடுத்தான். குழியின் நடுவில் போய் நின்று, கையை உயர்த்தி, மெல்லத் திறந்தான். வைகாசிக் காற்று அதை வாங்கிக்கொண்டு வீட்டைத் தொடாமல் சாய்ந்து வேலியைத் தாண்டிப் போனது.

"என்ர உடுப்பில" என்று கத்தினாள் ஜெயகௌரி.

"நாளைக்குப் புகையும் வரும், பரவாயில்லையோ?" என்று கேட்டான் ஷிராஸ்.

"கறிமணத்தோட வந்தாச் சரி. நான் சோத்தை மட்டும் வடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

இந்த முறை சிரிப்பு அகஸ்ரினா நின்ற இடத்தில்தான் தொடங்கியது. ஷிராஸ் கையைத் தட்டிக்கொண்டு குழிக்குள் இருந்து ஏறினான்.

"சுபாஸ், விடு. கோடு போட்ட ஆளோட கதைச்சு நான் வெண்டதில்லை. அந்த மனுசனிட்டயும் வெல்லேல்லை, இண்டைக்கு அவற்ற மனுசியிட்டயும் ஏலாது. கல்லை இறக்குங்கோடா."

சுபாஸ் குனிந்து, குழிக்குள் விழுந்த அந்த ஒரு சவள் மண்ணைத் தானே அள்ளி வெளியே போட்டான்.

"அப்ப விறாந்தை?" என்றான்.

"குசினிக்குப் பக்கத்தில. யன்னலுக்கு நேர. அதுதானே எனக்கு வேணும்." பிறகு அவள் கேட்டாள், "அவர் வேற என்ன சொன்னவர்?"

"அடுப்பு மேடையின்ர உயரம். கண்டபடி உயர்த்த வேண்டாம் எண்டவர். அக்காவின்ர முழங்கை தன்ர பெல்ட்டுக்கு மேல நாலு விரல். அந்தளவு." அவன் தன் இடுப்பில் விரலை வைத்துக் காட்டினான். மற்றவர்களும் தங்கள் தங்கள் இடுப்பில் விரலை வைத்துப் பார்த்தார்கள். கபிலன் வைத்தபோது, "உன்ர பெல்ட் இல்லையடா, அண்ணையின்ர பெல்ட்" என்றான் சுபாஸ்.

பெல்ட்டுக்கு மேல் நாலு விரல். வீட்டில் அவர் சாரம்தான் உடுப்பார். அவர் பெல்ட் கட்டி, அவள் பக்கத்தில் நிற்கிற ஒரே இடம் கோயில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லாரும் எழும்பி நிற்கிறபோது, கண்ணைப் பீடத்தில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் அவளுடைய முழங்கையை அளந்திருக்கிறார். அவள் முகத்தைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். சுவாமி பூசையை நீட்டுகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர்.

"உயரம் அவர் சொன்னபடி வை" என்றாள். "அதில ஒரு விரல்கூட மாத்தாதே."

*

சோளகம் பலமாக வீசத் தொடங்கிய நாட்களில் குசினி முடிந்தது. மதுஷிகா படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன, கடையா?" என்று கேட்டாள். "ஓம், உனக்குக் கடனில்லை" என்றாள் அகஸ்ரினா. மகள் போனிலேயே சிரித்துச் சிரித்து, வருகிற லீவுக்கு வந்து அந்த யன்னலில் இருந்துதான் சாப்பிடுவேன் என்றாள்.

யன்னல் அகலமாக வந்திருந்தது. அதன் பலகையில் பத்துத் தேத்தண்ணிக் கோப்பை வைக்கலாம். அதற்கு அந்தப் பக்கம் விறாந்தை. அன்று பயிற்சி முடிந்து எல்லாரும் வந்து நிலத்திலும் கதிரைகளிலும் இருந்தார்கள். ஷிராஸும் வந்திருந்தான், மேடைக்குப் பூசின சீமெந்து வெடித்திருக்கிறதா என்று பார்க்க என்று சொல்லிக்கொண்டு.

அகஸ்ரினா மேடையில் முழங்கையை ஊன்றி நின்றாள். வாகாக இருந்தது. றோட்டால் ஆட்கள் போனார்கள். சைக்கிள்காரர் கையைத் தூக்கினார். பஸ் ஒன்று தலைமன்னார்ப் பக்கம் போனது. அதை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள். அவள் அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேயிலையைப் போட்டாள்.

"நானா, அந்தச் சிவப்பு மட்டைக் கதையைச் சொல்லுங்கோ" என்றான் ஒருவன்.

அகஸ்ரினாவின் கை கேத்திலுக்கு மேல் நின்றது.

"எத்தினை தரமடா சொல்லுறது?" என்று சொல்லிக்கொண்டே ஷிராஸ் தொடங்கிவிட்டான். "இறுதியாட்டம். நான் கபிலன்ர பெரியப்பனைத் தள்ளி விழுத்திப்போட்டன். அண்ணன் ஓடி வந்தார். எனக்கு விளங்கிப்போச்சு, வெளியதான் எண்டு. விசிலை வாயில வைச்சுக்கொண்டு, முகத்தை இப்பிடி வைச்சுக்கொண்டு, பொக்கற்றுக்குள்ள கையை விட்டார். விட்டு, எடுத்து, இப்பிடி உயர்த்திக் காட்டினார். சனம் எல்லாம் பார்க்குது. நானும் பார்க்கிறன். அவற்ற கையில மட்டை இல்லை."

"என்ன இருந்தது?" என்றார்கள் இரண்டு மூன்று பேர், விடை தெரிந்தபடியே.

"யோகட் தின்னுற கரண்டி."

விறாந்தை அதிர்ந்தது. சுபாஸ் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்தான்.

"அதைவிடப் பகிடி என்னெண்டா" என்றான் ஷிராஸ், மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தக் கரண்டியைக் கண்டு நானும் வெளிய போயிட்டன்."

அகஸ்ரினா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோகட் கரண்டி. அவ்வளவுதான். இத்தனை வருசமும் அந்தச் சொல்லை அவள் குசினிக்குள் வைத்து வளர்த்திருந்தாள், தன்னைக் குத்துகிற முள் என்று நினைத்து. அது யோகட்டோடு கடையில் தருகிற வெறும் பலகைத் துண்டு. அன்று காலை யோகட்டைப் பையில் வைத்து அனுப்பியவளும் அவள்தான். கரண்டியை எறியாமல் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வருகிறார் என்று உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் ஏசியவளும் அவள்தான்.

வெளியே சிரிப்பு அடங்கிவிட்டது. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்புப் பிடித்தது. முதலில் வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கியது. கண்ணால் தண்ணி வந்தது. கேத்தில் கொதித்து மூடியைத் தட்டியது.

யன்னலுக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்னக்கா சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டான் சுபாஸ்.

"அது ஒண்டுமில்லை" என்றாள் அகஸ்ரினா, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே.